முழங்கையும் குதிகாலும்

6 பிப்ரவரி

அக்காவுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. என் சுத்தியலைப் பிடுங்கிப் பூட்டி வைக்கச் சொல்லிவிட்டுப் போனவளிடம் நலம் விசாரிக்கிற அளவுக்கு நான் பெரிய மனுஷன் ஆகவில்லை.

எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் எங்கள் பட்டறை பெயின்டர். வண்டிகளில் நான் ஒடுக்கு எடுத்த இடத்திலெல்லாம் வண்ணம் அடித்தே கிழவனானவர். "போன்லயே பேசிடலாமே" என்கிறார். போனில் நீ என்னை ஒரு வார்த்தை முடிக்க விட்டதுண்டா? கடிதம் என்றால் கடைசி வரி வரைக்கும் வாயை மூடிக்கொண்டு படித்துத்தான் ஆகவேண்டும்.

நீ வந்த அன்று நடந்தது ஒன்றும் எனக்கு மறக்கவில்லை. காது பிய்ந்த பச்சைப் பையை வெல்டிங் மேசை மேல் வைத்தாய். "வைக்காத, சூடா இருக்கும்" என்றேன். வைத்தாய். தேநீர் வந்தது. டம்ளர் என் கையிலிருந்து விழுந்தது. கை வழுக்கிவிட்டது என்றேன். அதோடு விட்டாயா? என் மகனைக் கூப்பிட்டு, பட்டறை முழுக்கக் கேட்கும்படி, "மருமகனே, உங்கப்பனால ஒரு டம்ளரைப் பிடிக்க முடியல. அவன் கையில சுத்தியலக் குடுத்து வச்சிருக்கியே, நாளைக்கு யார் கால்ல போடப் போறான்?" என்றாய். வண்டிக்குக் காத்திருந்த மீசைக்காரர்கூடச் சிரித்தார். சிரித்தபோது அவர் மீசையில் தேநீர் ஒட்டியிருந்தது.

மறுநாள் காலையில் சுத்தியல்கள் எல்லாம் அலமாரியில். சாவி மகன் சட்டைப்பையில். எனக்கு வாசலில் ஒரு நாற்காலி. வருகிறவர்களிடம் "உட்காருங்க" என்று சொல்வதுதான் இப்போது என் வேலை. அவர்கள் உட்கார வேறு நாற்காலி கிடையாது.

சொல்ல வந்தது இதுதான். வலது முழங்கையில் எலும்போடு ஒட்டியிருக்கிற தசைநார், அடித்து அடித்து நைந்துபோயிருக்கிறதாம். மாத்திரை, முழங்கையில் கட்டுகிற பட்டை எதற்கும் மசியவில்லை. டாக்டர் இப்போது பிசியோவிடம் அனுப்பியிருக்கிறார். 'ஷாக் வேவ்' என்று ஒரு சிகிச்சை. பிசியோ சரி என்று சொன்னால் அலமாரிச் சாவியைத் தருகிறேன் என்று மகன் ஒப்புக்கொண்டிருக்கிறான். நாளை மறுநாள் ஆரம்பம்.

கூடிய சீக்கிரம் சாவி என் கைக்கு வரும். அது உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதச் சொன்னேன். பதில் போட வேண்டாம்.

தம்பி


14 பிப்ரவரி

தம்பி,

பதில் போட வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அதனால் போடுகிறேன்.

டம்ளர் வழுக்கவில்லை. உன் முகம் கோணியதை நான் பார்த்தேன். சுத்தியலைப் பூட்டச் சொன்னதற்கு வருத்தப்படப் போவதும் இல்லை. மருமகனிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம் என்று வேண்டுமானால் சொல். அதைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஷாக் வேவ் என்றால் என்ன? கரண்ட் வைப்பார்களா? விவரமாக எழுதச் சொல். எங்கள் தையற்கடை முதலாளியம்மாவுக்குக் குதிகால் வலி. அவருக்கும் இதையே செய்யச் சொல்லியிருக்கிறார்கள். பயப்படுகிறார். அவருக்காகத்தான் கேட்கிறேன்.

பெயின்டருக்கு என் வணக்கம். கையெழுத்து நன்றாக இருக்கிறது. நீ சொல்வதை அப்படியே எழுதாமல் கொஞ்சம் திருத்தி எழுதினால் இன்னும் நன்றாக இருக்கும்.

அக்கா


23 பிப்ரவரி

அக்கா,

பெயின்டர் திருத்த மாட்டாராம். திருத்தினால் நான் திரும்பப் படிக்கச் சொல்லிக் கண்டுபிடித்துவிடுவேன் என்கிறார். உண்மைதான்.

முதலாளியம்மாவுக்குக் குதிகால் வலி என்று அவர் வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. உன் முதலாளியம்மா கல்லாவில் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருப்பதே இல்லை என்று, முன்பு ஒரு தடவை நீ வந்திருந்தபோது, என் வீட்டுச் சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டே சொன்னாய். வெட்டுமேசை முன்னால் நாள் முழுக்க நிற்கிறவள் நீ. சரி, முதலாளியம்மாவின் கால் என்றே வைத்துக்கொள்வோம். அந்த அம்மாவுக்குச் சொல்.

சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு ஸ்டூல், சுவரில் தோலை உரித்த மனுஷன் படம். மெஷின் நம் வெல்டிங் பெட்டி உயரம்தான். அதிலிருந்து ஒரு குழாய் வந்து, நுனியில் துப்பாக்கி மாதிரி ஒரு கைப்பிடி. தோலில் குளுகுளுவென்று ஒரு பசையைத் தடவி, அதன் மேல் கைப்பிடியை வைத்து அழுத்துவார்கள். டக் டக் டக் என்று அடிக்கும். கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். வாரத்துக்கு ஒரு தடவை.

கரண்டா என்று நானும் முதலில் கேட்டேன். வெல்டிங்கில் வாங்கிய அடி போதாதா எனக்கு. பிசியோ பெண் சிரித்தாள். "கரண்ட் இல்லய்யா. சத்தம் மாதிரி ஒரு அலை. தோலைத் தாண்டி உள்ள போய்த் தட்டும். நாள்பட்ட வலியை உடம்பு பழகிப்போய் அப்படியே விட்டிருக்கும். தட்டி எழுப்பினா அந்த இடத்துக்கு ரத்தம் ஓடி வரும், மறுபடி ஆற ஆரம்பிக்கலாம்" என்றாள். தகரத்தை இந்தப் பக்கம் தட்டினால் அந்தப் பக்கம் அதிர்வதைப் பார்த்தவன்தானே நான், புரிந்துவிட்டது. "இந்த வைத்தியம் எல்லாருக்கும் கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன், நிறைய பேருக்குக் கேட்டிருக்கு. உடனே தெரியாது, வாரக்கணக்காகும். வீக்கத்தை அமுக்குற வலி மாத்திரை மட்டும் போடாதீங்க. நாம எழுப்பிவிடுறதை அது தூங்க வச்சிடும்" என்றும் சொன்னாள்.

சுத்தியல் அடித்து வந்த வலியை அடித்தே விரட்டப் பார்க்கிறார்கள். "அப்படின்னா என் முதுகுவலிக்குப் பெயின்ட் அடிப்பாங்களோ" என்று கேட்கிறார் இதை எழுதுகிறவர்.

ஒரே தொல்லை, அந்தப் பெண்ணின் கேள்விகள். முழங்கையைச் சுற்றி ஒவ்வொரு இடமாக அமுக்கி, "இங்க வலிக்குதா? இங்க?" என்று நச்சரித்தாள். "பரவால்ல" என்றேன். எங்கே அமுக்கினாலும் பரவால்லதான். உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, முதுகுச் சாய்வைப் பிடித்து நாற்காலியைத் தூக்கச் சொன்னாள். தூக்கினேன். "பஞ்சு மாதிரி இருக்கு" என்றேன். அவள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, முழங்கைக்குக் கொஞ்சம் மேலே ஓரிடத்தில் கைப்பிடியை வைத்தாள். அடிக்கும்போது, "தாங்க முடியுதாய்யா?" என்றாள். "இன்னும் கூட்டும்மா" என்றேன். இம்மிகூட அசையவில்லை. பக்கத்து அறையில் ஒருத்தர் முனகிக்கொண்டிருந்தார். அவருக்கு என்னைவிட வயசு குறைவு.

தம்பி


3 மார்ச்

தம்பி,

பூண்டு உரித்தது நான் இல்லை, உன் மனைவி. நான் வெங்காயம்.

முதலாளியம்மா தேதி வாங்கிவிட்டார். இந்த மாதம் இருபதாம் தேதி. சாவி வந்துவிட்டதா?

அக்கா


15 மார்ச்

அக்கா,

பூண்டுதான். வெங்காயம் அதற்கு முந்தைய தடவை.

சாவி வரவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த மூன்று தடவையும் முடிந்துவிட்டது. ஒரு மாற்றமும் இல்லை. நேற்றுக் குழாயை இறுக்கி மூட முடியாமல் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். இதைப் பெயின்டர் எழுதியிருக்க வேண்டாம், ஆனாலும் எழுதிவிட்டார்.

பிசியோ பெண்ணுக்கும் குழப்பம். "நீங்க வலியே இல்லைங்கறீங்க, ஆனா கையில பிடி இல்ல. ஒருவேளை கழுத்துல இருந்து வருதோ என்னவோ. டாக்டரைப் பாத்துட்டு வாங்க" என்றாள். டாக்டர் இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், இல்லையென்றால் கத்திதான் என்கிறார். கத்தி வைத்தால் பழையபடி சுத்தியல் பிடிக்க முடியுமா என்று கேட்டேன். "உறுதியா சொல்ல முடியாது" என்றார்.

ஒடுக்கு எடுக்க மகன் ஒரு டிங்கரைப் பார்த்து வைத்திருக்கிறான். தோள் அகலமான ஆள். அடுத்த மாதம் முதல் தேதி வந்துவிடுவானாம். "அப்பா, உங்க இடத்துக்கு இல்ல, உங்களுக்கு ஒத்தாசைக்கு" என்றான். வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்ன ஒத்தாசை? "உட்காருங்க" என்று இரண்டு பேர் சொல்லப்போகிறோமா?

உன் முதலாளியம்மாவைப் போக வேண்டாம் என்று சொல்லிவிடு. அது வெறும் சத்தம் போடுகிற மெஷின்.

தம்பி


24 மார்ச்

டேய்,

போக வேண்டாம் என்று நீ எழுதினாய். நான் இருபதாம் தேதியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது என் கால்தான். உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். தேதியை விட்டுவிட்டு, ஆற்றாமையில் உன் கடிதங்களை எடுத்து வைத்து மறுபடி படித்தேன். படித்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு நீ பக்கத்தில் இல்லாமல் போய்விட்டாய்.

அந்தப் பெண் ஒவ்வோர் இடமாக அமுக்கி எங்கே வலிக்கிறது என்று கேட்டிருக்கிறாள். நீ எல்லா இடத்துக்கும் பரவாயில்லை என்றிருக்கிறாய். நாற்காலியைத் தூக்கிக் காட்டிப் பஞ்சு என்றிருக்கிறாய். பிறகு அவள் எந்த இடத்தில் அடிப்பாள்? சுவரில் இருக்கிற படத்திலா? ஒரு டம்ளர் தேநீரைப் பிடிக்க முடியாதவன் நாற்காலியை எப்படித் தூக்கினாய்? பல்லைக் கடித்துக்கொண்டு. எனக்கு அந்த முகம் தெரியும். அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. நோயாளி உண்மை சொல்லுவான் என்று நம்பிவிட்டாள், பாவம்.

மெஷின்மேல் ஏன் பழி போடுகிறாய்? இடம் தெரியாமல் அடித்தால் உன் ஒடுக்கு நிமிருமா?

இந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? அப்பா கூரை மாற்றியபோது வாசலில் தகரம் கிடந்தது. உச்சி வெயிலில் நாம் இரண்டு பேரும் வெறுங்காலோடு ஏறி நின்றோம். 'சுடுது' என்று முதலில் சொல்கிறவர் தோற்றவர். நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. உனக்கு அறுபது தாண்டிவிட்டது. தகரத்தை விட்டு இறங்குடா.

அந்தப் பெண்ணிடம் போ. அமுக்கும்போது வலித்தால் வலிக்கிறது என்று சொல். சொல்லாமல் வந்தாயானால் எனக்குக் கடிதம் போடாதே. நிஜமாகவே.

அக்கா


9 ஏப்ரல்

அக்கா,

பெயின்டர் உன் கடிதத்தைச் சத்தமாக வாசித்தார். 'டேய்' என்பதை மட்டும் இரண்டு தடவை வாசித்தார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தகரத்தின் மேல் நான் மட்டும் நிற்கவில்லை. அப்பா வந்து நம் இரண்டு பேரையும் காதைப் பிடித்து இறக்கினார், உன்னை இடது கையால், என்னை வலது கையால். மறுநாள் பள்ளிக்கூடம் போகும்போது நீ பாதையை விட்டுப் புல் இருந்த ஓரமாகவே நடந்தாய். பள்ளிக்கூட வாசல்வரை உன்னை விட வந்த நான் ஏன் என்று கேட்டேன். "புல்லு அழகா இருக்கு" என்றாய். உனக்கு எந்தக் காலத்தில் புல் அழகாக இருந்தது? இப்போது குதிகால் வலியை முதலாளியம்மா காலில் மாட்டி அனுப்புகிறாய். நீ எனக்குப் புத்தி சொல்கிறாய்.

போனேன். பிசியோ பெண் பசையை எடுப்பதற்கு முன்னாலேயே, "அம்மா, நான் உங்ககிட்ட சொன்னதெல்லாம் பொய்" என்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். நாற்காலியைத் தூக்கினபோது கண்ணில் பூச்சி பறந்தது என்றேன். "ஏன்யா சொல்லல?" என்றாள். "பழக்கம்" என்றேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். "எம்மேலயும் தப்பு இருக்கு. நீங்க பரவால்லன்னதை நான் அப்படியே எடுத்துக்கிட்டேன்" என்றாள். பிறகு, "மெஷினுக்குக் கண்ணு கிடையாதுய்யா. உங்க வாய்தான் அதுக்குக் கண்ணு" என்றாள். மறுபடி முதலிலிருந்து விரலால் அமுக்கிக்கொண்டே வந்தாள். முழங்கை முட்டுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், ஒரு பொத்தான் அளவு இடம். அங்கே விரல் பட்டதும் சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. அவள் விரலை எடுக்காமல் காத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வந்தது பார், "வலிக்குது!" என்று. பக்கத்து அறை முனகல்கூட நின்றுவிட்டது.

அந்த இடத்தில் பேனாவால் வட்டம் போட்டாள். டாக்டரிடம் பேசிவிட்டு, முதலில் இருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை, "இன்னும் கூட்டு" என்று சொல்லவில்லை. "போதும்மா, குறை" என்றேன். குறைத்தாள். அதுதான் சரி என்றாள், தாங்கிக்கொள்ளும் அளவுக்குத்தான் வைக்க வேண்டுமாம், பரிசு ஒன்றும் கிடையாதாம். வீட்டில் செய்யச் சொல்லி ஒரு பயிற்சியும் கொடுத்திருக்கிறாள். மணிக்கட்டை மெதுவாக இறக்குவது. மகன் கூடவே நின்று பார்க்கிறான், ஏமாற்றாமல் செய்கிறேனா என்று.

டிங்கர் வந்துவிட்டான். நல்லவன்தான். அடிக்கிற சத்தத்தைக் கேட்டாலே தெரிகிறது, கை அவசரம். நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குச் சாவி வருமா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

நீயும் போ. உன் குதிகாலில் எந்த இடம் என்று எழுது. பொத்தான் அளவா, பெரிசா? எழுதாமல் எனக்கும் கடிதம் போடாதே. நிஜமாகவே.

தம்பி


2 மே

தம்பி,

புதுத் தேதி வாங்கிப் போனேன்.

இடம்: வலது குதிகால், அடிப்பக்கம், உள்பக்கமாகச் சாய்ந்து. பொத்தான் இல்லை, சோழி அளவு. காலையில் கட்டிலை விட்டு வைக்கிற முதல் அடி, ஆணி மேல் வைக்கிற மாதிரி. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறை போகிறேன். நடக்க நடக்கக் கொஞ்சம் விடும். மாலையில் மறுபடி பிடிக்கும். கடையில் ஒற்றைக் காலில் நின்று துணி வெட்டினேன். அதில் ஒரு கால்சட்டையின் இடது கால் குட்டையாகிவிட்டது. முதலாளியம்மாவிடம் துணி சுருங்கிவிட்டது என்றேன். எல்லாம் எழுதிவிட்டேன், போதுமா?

இங்கே பார்க்கிறவர் ஆண். என் பேரன் வயதிருக்கும். அமுக்கினார். "ஐயோ" என்றேன். வாழ்க்கையில் முதல் ஐயோ. அவர் பயந்து கையை எடுத்துவிட்டார். "எடுக்காதப்பா, அங்கதான்" என்றேன்.

கடையில் இப்போது உயரமான ஸ்டூல் கேட்டு வாங்கி, அதில் உட்கார்ந்து வெட்டுகிறேன். கேட்டதும் முதலாளியம்மா, "இத்தனை நாளா ஏன் கேக்கல?" என்றார். பழக்கம் என்றேன்.

இன்னொன்று. அன்றைக்கு உன் வெல்டிங் மேசையில் வைத்த பச்சைப் பை அடியில் உருகி ஓட்டையாகிவிட்டது. பேருந்தில் போகும்போதுதான் பார்த்தேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்று இருந்தேன்.

அக்கா


21 ஜூன்

அக்கா,

பை உருகியது எனக்குத் தெரியும். நீ கிளம்பினதும் மேசையில் பச்சையாக ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்தேன், இடது கையால். நானும் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன்.

நேற்றுப் பிசியோ நாற்காலியைத் தூக்கச் சொன்னாள். தூக்கினேன். "எப்படி இருக்கு?" என்றாள். "லேசா வலிக்குது. முன்ன மாதிரி இல்ல. கடைசியில வைக்கும்போதுதான் கொஞ்சம்" என்றேன். அவள் அதை எழுதிக்கொண்டாள். முழுசாக விடும் என்று இப்போதும் சத்தியம் பண்ண மாட்டேன் என்றாள். ஆனால் கத்தி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பட்டறைக்கு வந்ததும் மகன், "என்னப்பா சொன்னாங்க?" என்றான். பெயின்டர், புது டிங்கர் எல்லாரும் நின்றிருந்தார்கள். வாசலில் கிடந்த என் நாற்காலியை மகன் கண் எதிரே வலது கையால் தூக்கிக் காட்டினேன். "லேசா வலிக்குது" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். மகன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தான். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். "வலிச்சா சொல்வீங்களா?" என்றான். "இப்பச் சொன்னேன்ல?" என்றேன்.

அலமாரியைத் திறந்து சின்னச் சுத்தியலை மட்டும் கொடுத்தான். விளிம்பு தட்டுகிற வேலை, நுணுக்கமான இடங்கள், அதுவும் மதியம் வரைக்கும்தான். பெரிய சுத்தியல் புது டிங்கரிடமே. முதலில் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. பிறகு ஒரு கதவின் ஓரத்தைத் தட்ட ஆரம்பித்தேன். புது டிங்கர் தன் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தான். "மெதுவா அடிக்கிறீங்களே" என்றான். "வலிக்கும்ல" என்றேன். எனக்கா கதவுக்கா என்று அவன் கேட்கவில்லை.

உன் கால் இப்போது எப்படி? முதல் அடியைப் பற்றி மட்டும் தனியாக எழுது. ஆணியா, முள்ளா, இல்லை வெறும் தரையா?

தகரத்து விளையாட்டில் நான்தான் முதலில் 'வலிக்குது' என்று வாய் திறந்தேன். ஏப்ரல் மாதம் நான், அதற்கப்புறம்தான் நீ. ஆகவே நீ ஜெயித்தாய். எழுதுகிறவர் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, முதலில் இறங்கினவர்தான் ஜெயித்தவர் என்கிறார். வண்ணம் அடிக்கிறவருக்கு விளையாட்டைப் பற்றி என்ன தெரியும். நீ ஜெயித்ததாகவே இருக்கட்டும்.

மழைக்கு முன்னால் ஒரு தடவை வந்துவிட்டுப் போ. வாசலில் நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது, நீ நிற்க வேண்டியதில்லை. வரும்போது புதுப் பை எடுத்துக்கொண்டு வா. அதை வெல்டிங் மேசை மேல் வைக்காதே. சூடாக இருக்கும்.

தம்பி